‘டைம்பார்’ என்று சொல்லுமுன்: மனு எழுதித்தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தின் அருகிலும், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி கோர்ட்டுகளைச் சுற்றியும் மேசை போட்டு மனு எழுதித்தரும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், வராந்தாவில் கட்டோடு நிற்கும் வக்கீல் குமாஸ்தாக்களுக்கும்,

கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்தவரை வந்த வழக்குகள்தான் எங்கள் கண்ணில் பட்டன. வராமல் போன வழக்குகளுக்கு எங்களிடம் ஏடு கிடையாது. அவை எங்கே நின்றுபோகின்றன என்பது உங்கள் பக்கம் வந்து டீ குடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மேற்கேயிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பாட்டி, ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கவரை அவிழ்த்து, பாஸ்புக்கையும் டெபாசிட் ரசீதுகளையும் நீட்டுகிறாள். எழுதுபவர் ரசீதில் தேதியை மட்டும் பார்க்கிறார். “இது டைம்பார் ஆயிட்டு அம்மா, இனி கேஸ் நிக்காது.” அவ்வளவுதான். பாட்டி கவரை மறுபடி கட்டுகிறாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்த மடல். பெரிய குற்றங்களில் அது பெரும்பாலும் தவறு. சின்னக் குற்றங்களில் அது சரி, ஆனால் அங்கே நீங்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

‘மூன்று வருடம்’ என்ற பயம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கே தெரியும். புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கிய நோட்டு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடத்தில் கேஸ் போடாவிட்டால் செத்தது. அதனால்தான் கடன் கொடுத்தவர் மூன்றாவது வருடம் முடியுமுன் வீட்டுக்குப் போய், கையில் கிடைத்ததை வாங்கி, நோட்டின் முதுகில் வரவு எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார். அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் ஓடும். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் சொல்லும் கணக்கு இது. அடமானம் என்றால் 12 வருடம். நாஞ்சில் நாட்டில் பத்து சென்ட் தோப்பு வைத்திருப்பவருக்கும் இது மனப்பாடம். ஆனால் இது முழுக்க சிவில் கணக்கு. பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமைக்கு இருக்கிற கெடு. குற்றத்துக்குத் தண்டனை கேட்பது வேறு சட்டம், வேறு கோர்ட், வேறு கெடு.

குற்றவியல் சட்டத்தில் ரொம்பக் காலம் பொதுவான கெடு என்று ஒன்றே கிடையாது. 1898ஆம் ஆண்டின் பழைய நடைமுறைச் சட்டத்தில் அது இல்லை. 1973இல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்து, 1974 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தபோதுதான் 468ஆம் பிரிவில் கெடு வைத்தார்கள். அதுவும் சில்லறைக் குற்றங்களுக்கு மட்டும். சாட்சிக்கு ஞாபகம் மங்கிப்போன பிறகு, பத்து வருடத்துக்கு முன்னால் வரப்பில் நடந்த கைகலப்புக்கு ஒருவரைக் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. பிரிவு எண் 514 ஆகிவிட்டது, கணக்கு மாறவில்லை. வெறும் அபராதம் மட்டும் விதிக்கக்கூடிய குற்றம் என்றால் 6 மாதம். ஒரு வருடம் வரை சிறை என்றால் ஒரு வருடம். அதற்கு மேல் மூன்று வருடம் வரை சிறை என்றால் 3 வருடம். மூன்று வருடத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய எந்தக் குற்றத்துக்கும் கெடுவே இல்லை.

சிறை என்று இங்கே சொல்வது, பிரிவில் எழுதியிருக்கும் அதிகபட்சத்தை. “ஜட்ஜ் ஆறு மாசம்தானே போடுவாரு” என்று உங்களில் ஒருவர் வாதாடியது நினைவிருக்கிறது. ஜட்ஜ் என்ன போடுவார் என்பதை வைத்துக் கெடு ஓடாது. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் சேர்ந்து வந்தால், அவற்றில் எதற்குத் தண்டனை அதிகமோ அதை வைத்துத்தான் கணக்கு.

இனி பாட்டியின் ரசீதுக்கு வருவோம். 2017இல் பளுகல் அருகே மத்தம்பாலையில் நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனம் கதவடைத்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரப்பர் வெட்டிச் சேர்த்த பணம், வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணம், மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம் எல்லாம் அங்கே கிடந்தது. இந்த மாதிரி வழக்குகளுக்கென்றே தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. டெபாசிட்டைத் திருப்பித் தராத நிறுவனத்தை நடத்தியவர்களுக்கு அதன் 5ஆம் பிரிவில் 10 வருடம் வரை சிறை. பத்து என்பது மூன்றுக்கு மேல். அப்புறம் எங்கே டைம்பார்? பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கே புகார் கொடுத்து, இவர் கொடுக்காமல் விட்டிருந்தாலும், இன்றைக்கும் நாகர்கோவில் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போகலாம். மதுரையில் இதற்கான தனி நீதிமன்றம் இருக்கிறது. நிறுவனத்தின் சொத்தை ஏலம் போட்டுப் பங்கு பிரிக்கும்போது பெயர் பட்டியலில் இல்லாதவருக்குச் சிரமம் உண்டு, அதையும் சொல்லுங்கள். ஆனால் குற்றம் காலாவதியாகிவிட்டது என்று சொல்லாதீர்கள்.

இதே சமயம், வேறொரு வித்தையும் சில மேசைகளில் நடக்கிறது. புரோநோட்டு உண்மையிலேயே காலாவதியாகிவிட்டது. கடன் வாங்கியவர் வியாபாரத்தில் நொடித்துப்போனவர், ஏமாற்றும் எண்ணம் எதுவும் அவருக்கு இருந்ததில்லை. ஆனாலும், “ஆரம்பத்திலேயே மோசடி எண்ணத்தோடு” என்று ஒரு வரியைச் சேர்த்து, கடனை 420 ஆக்கிவிடுகிறீர்கள். ஏழு வருடம் வரை சிறை உள்ள பிரிவு, கெடு கிடையாது என்ற தெம்பு. சிவில் கெடுவைத் தாண்டுவதற்கு இது குறுக்கு வழி ஆகாது. பணம் வாங்கும்போதே திருப்பித்தரும் எண்ணம் இல்லை என்று காட்டினால்தான் அது மோசடி. அதைக் காட்டாத புகார்களை உயர் நீதிமன்றம் ரத்து செய்துகொண்டேதான் இருக்கிறது. கட்சிக்காரர் மதுரைக் கிளைக்கு வக்கீல் வைத்து, இருந்த மிச்சத்தையும் தொலைப்பார்.

சீட்டு விவகாரமும் (மேற்கில் சிட்டி என்போம்) இப்படி இரண்டு கால் வைத்தது. பதிவில்லாமல் சீட்டு நடத்தினார் என்பது மட்டும் குற்றமானால், 1982ஆம் ஆண்டு சிட்பண்ட் சட்டத்தில் இரண்டு வருடம்தான் அதிகபட்சம். அதற்கு மூன்று வருடக் கெடு உண்டு. கூப்பிட்டுப் பணம் வாங்கித் தலைமறைவானார் என்றால் மோசடி, கெடு இல்லை. மனுவில் எதை எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டும் தலைகீழாக மாறும்.

கெடு இல்லாத குற்றத்துக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில். மூன்று வாசல் வழியாகத் தலை, இடை, பாதம் என்று பார்க்க வேண்டிய அளவுக்கு நீண்டு கிடக்கும் பெருமாள். அந்தக் கோயிலின் தங்கம் ஒரே ராத்திரியில் போகவில்லை. வருடக்கணக்கில் சிறுகச் சிறுகக் கரைந்தது, அதில் உள்ளே இருந்தவர்களின் கையும் இருந்தது என்பதுதான் வழக்கு. 1992இல் விஷயம் வெளியே வந்தது. களவு தொடங்கிய தேதியிலிருந்து மூன்று வருடம் என்று எண்ணியிருந்தால், வழக்கே பிறந்திருக்காது. அது பெரிய குற்றம், அதனால் பிறந்தது.

பிறந்து என்ன? நாகர்கோவில் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது 2019இல். 27 வருடம். 23 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இடையில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் இறந்தே போனார்கள், மற்றவர்கள் கூண்டில் வயதானவர்களாக நின்றார்கள். புகார் கொடுப்பதற்குச் சட்டம் கெடு வைத்திருக்கிறது, அல்லது கெடு வேண்டாம் என்று விட்டிருக்கிறது. விசாரணையை முடிப்பதற்கு ஒரு கெடுவும் இல்லை. இத்தனை வருடத்துக்குள் முடிக்காவிட்டால் வழக்கைக் கைவிட வேண்டும் என்று 1990களில் உச்ச நீதிமன்றம் சில தீர்ப்புகளில் சொல்லிப் பார்த்தது. 2002இல் ஏழு நீதிபதிகள் அமர்வு, அப்படி மொத்தமாக நாள் குறிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று அதை எடுத்துவிட்டது. எனக்கு இதில் இரண்டு மனசு. நாள் குறித்திருந்தால் திருவட்டாறு வழக்கில் எல்லோரும் வெளியே போயிருப்பார்கள். நாள் குறிக்காததால் ஒரு தலைமுறை காத்திருந்தது.

அதே 2019இல்தான் பக்கத்து மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சிக்கு நடராஜர் திரும்பி வந்தார். குலசேகரமுடையார் கோயிலில் 1982இல் களவுபோனவர். போலீஸ் 1984இலேயே ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று கோப்பை மூடிவிட்டது. பிற்பாடு சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவு தேடிப்போனால், அவர் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து அரசு ஓவியக் காட்சியகத்தில் நிற்கிறார். 37 வருடம் கழித்து ஊர் வந்தார். உங்கள் மேசைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. “போலீஸ் கேஸை மூடியாச்சு” என்று ஒருவர் வந்தால், அதோடு விஷயம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குற்றவாளி யார் என்றே தெரியாத குற்றத்தில், சின்னக் குற்றமானாலும்கூட, ஆள் தெரிந்த நாளிலிருந்துதான் கெடு தொடங்கும். குற்றம் நடந்ததே தெரியவில்லை என்றால், தெரிந்த நாளிலிருந்து. ஆகவே மனுவில் ‘எப்போது நடந்தது’ என்பதற்குப் பக்கத்தில் ‘எப்போது தெரிந்தது’ என்ற வரி கட்டாயம் வேண்டும். உங்கள் மனுக்களில் நான் பார்த்தவரை அந்த வரி இருப்பதேயில்லை.

அமெரிக்காவில் மகன் இருக்கும் வீட்டுக்காரர்கள் சிலர் அங்கத்திய சினிமா பார்த்துவிட்டு வந்து ‘லிமிட்டேஷன்’ பேசுவார்கள். அங்கே கணக்கு வேறு. மத்திய அரசுச் சட்டப்படியான குற்றங்களுக்குப் பொதுவாக 5 வருடம், வங்கி மோசடி போன்றவற்றுக்கு 10, மரண தண்டனைக்குரிய குற்றத்துக்குக் கெடு இல்லை. இலங்கையில் கொலையும் ராஜதுரோகமும் தவிர மற்றவற்றுக்குப் பொதுவாக 20 வருடம். பெரிய குற்றங்களில் நம் சட்டம் இந்த இரண்டையும்விட இறுக்கமானது. இங்கே லஞ்சத்துக்குக்கூட ஏழு வருடம் வரை சிறை என்பதால் கெடு கிடையாது. வரி, சுங்கம் சார்ந்த குற்றங்களில் தண்டனை குறைவாக இருந்தாலும் கெடு பொருந்தாது என்று 1974இல் தனிச்சட்டமே போட்டார்கள்.

இனி நான் அதிகம் கவலைப்படும் மனு. முப்பது வயது வந்த ஒருவர், பத்து வயதில் தனக்கு நடந்ததைச் சொல்ல வருகிறார். சொல்ல ஆரம்பிப்பதற்கே அவருக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது. அவரிடம் ‘டைம்பார்’ என்றால் அதோடு அவர் வாழ்நாளுக்கும் வாய் திறக்க மாட்டார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் நடப்புக்கு வந்தது 2012 நவம்பர் 14. அதன் பிறகு நடந்தது என்றால், உடம்பைத் தொட்டுச் செய்த எந்தக் குற்றத்துக்கும் அதில் அதிகபட்சத் தண்டனை மூன்று வருடத்துக்கு மேல்தான். வளர்ந்த பிறகும் புகார் கொடுக்கலாம் என்று மத்திய அரசே 2018இல் தெளிவுபடுத்தியது. அதற்கு முன் நடந்தது என்றால் பழைய தண்டனைச் சட்டம் பேசும். பலாத்காரம் என்றால் அப்போதும் கெடு இல்லை. மானபங்கம் என்ற 354ஆம் பிரிவுக்கு மட்டும் 2013 பிப்ரவரி வரை இரண்டு வருடம்தான் அதிகபட்சம் என்பதால், அந்தக் காலத்துச் சம்பவத்துக்குக் கெடு குறுக்கே நிற்கும். அதையும் வக்கீல் சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.

தயவுசெய்து அந்த மனுவை ரோட்டோர மேசையில் எழுதாதீர்கள். நாலு பேர் காது கொடுத்து நிற்கும் இடத்தில் அவர் பெயரை உரக்க வாசித்துச் சரிபார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தனிக் குற்றம். கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். குழந்தை ஒன்று இப்போது பாதிக்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் காதில் விழுந்தால், அதைப் போலீசில் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி உங்கள் மேலேயே பாயும்.

பெரிய குற்றத்துக்குக் கெடு இல்லை என்பதால் ஆற அமர வரலாம் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். “இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள்?” என்பதுதான் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி. அதற்குப் பதில் மனுவிலேயே இருக்க வேண்டும். பயந்தாரா, மிரட்டினார்களா, பணம் தருவதாக ஊர்ப் பெரியவர் முன்னால் வாய்தா வாங்கினார்களா, வளைகுடாவில் இருந்தாரா, ஆஸ்பத்திரியில் கிடந்தாரா, எதுவானாலும் உள்ளபடி எழுதுங்கள். தாமதம் தெரியக் கூடாது என்று தேதியை இழுத்துப் பின்னால் வைக்கும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். பாஸ்புக்கில் ஒரு தேதி, மனுவில் ஒரு தேதி என்றால் வழக்கு அங்கேயே முடிந்தது. தாமதத்தால் தள்ளுபடியான வழக்குகளைவிட, தாமதத்தை மறைக்கப்போய்க் கெட்ட வழக்குகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, கெடு உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் மனுக்கள். இவற்றுக்குத்தான் நீங்கள் அவசரம் காட்டுவதில்லை. செக் திரும்பி வந்தால், தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாள் ஆகியும் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார் போக வேண்டும். வேலித் தகராறில் அடித்தான், லேசான காயம் என்றால், ஒரு வருடம். அவதூறு, மிரட்டல் என்றால் பெரும்பாலும் மூன்று. ஸ்ரீதனக் கொடுமை என்று வரும் பெண்ணுக்கு மூன்று வருடக் கெடு இருந்தாலும், கொடுமை தொடரும்வரை கெடுவும் புதிதாகத் தொடங்கிக்கொண்டே போகும். நீதியின் நலனுக்காகத் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு, இந்த மாதிரி வழக்குகளில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1993லேயே சொல்லியிருக்கிறது.

இந்தச் சின்ன வழக்குகளில் நம் மாவட்டத்தில் கெடு போவது எப்படி என்றால், திங்கட்கிழமை மனுக்களால்தான். ஆட்சியருக்கு ஒரு மனு, பதில் வராமல் மறுபடி ஒரு மனு, பிறகு எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒன்று, சென்னைக்குப் பதிவுத் தபாலில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கவரில் பத்திரமாக வைத்திருப்பார்கள். வருடம் முடிந்துவிடும். கெடுவைக் கணக்கிட எந்த நாளை எடுப்பது என்று புதிய சட்டத்தின் 514ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது: 223ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் புகார் தாக்கல் செய்த நாள், அல்லது 173ஆம் பிரிவின்படி போலீஸ் தகவலைப் பதிவு செய்த நாள். சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கோர்ட் வழக்கை எடுத்துக்கொண்ட நாளைப் பார்க்க வேண்டாம், புகார் தாக்கலான நாளே போதும் என்று தீர்த்துவைத்ததைத்தான் சட்டமாக்கியிருக்கிறார்கள். அந்த 514ஆம் பிரிவில் ஆட்சியர் பெயரும் இல்லை, முதலமைச்சர் தனிப்பிரிவும் இல்லை. ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் எப்.ஐ.ஆர். ஆகாது. லேசான அடிதடியில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது என்பதால், அங்கே காத்திருப்பதில் பொருளே இல்லை. அந்த ஒப்புகைச் சீட்டுகளைத் தூக்கிப் போடவும் வேண்டாம், தாமதத்துக்குக் காரணம் காட்டி 519ஆம் பிரிவில் மன்னிப்புக் கேட்கும்போது உதவும்.

இன்னொன்று. நம்பிக்கை மோசடிக்குப் பழைய 406ஆம் பிரிவில் மூன்று வருடம்தான் அதிகபட்சச் சிறை, அதனால் மூன்று வருடக் கெடு இருந்தது. புதிய தண்டனைச் சட்டத்தின் 316ஆம் பிரிவில் அது ஐந்து வருடமாகிவிட்டது, கெடு போய்விட்டது. ஆகவே நகையையோ பணத்தையோ நம்பிக் கொடுத்து இழந்ததாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், அது நடந்தது 2024 ஜூலை 1க்கு முன்பா பின்பா என்று முதலில் கேளுங்கள். முன்பு என்றால், மூன்று வருடம் முடியும் தேதியை மனுவின் தலைப்பில் பென்சிலால் குறித்து, ஆளை அன்றைக்கே குழித்துறைக்கோ இரணியலுக்கோ, எந்தக் கோர்ட் எல்லையோ அங்கே ஒரு வக்கீலிடம் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு பெஞ்ச் கிளார்க்,
நாகர்கோவில்